பின் சீட்டில் ஓர் ஓசி ரவுண்டு

நம் மெக்கானிக் கடையில் நான் இருந்த கடைசி மூன்று வருடம், கார்பரேட்டர் வேலை முடிந்த ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு காரியம் செய்வேன். வண்டிக்காரரையே ஓட்டச் சொல்லிவிட்டுப் பின் சீட்டில் ஏறிக்கொள்வேன். ஹைவேயைத் தாண்டி அந்தப் பக்கம் போய், திரும்பி இந்தப் பக்கம் வந்து இறங்குவேன். அதைப் பற்றிக் கடைப் பையன்கள் நீங்கள் பேசிக்கொண்டது எனக்குத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். "பெருசுக்கு ஓசி ரவுண்டுன்னா உசுரு, ஊர் சுத்திகினு வருது பாரு" என்று உங்களில் ஒருவர் சொன்னார். மற்றவர்கள் சிரித்த சிரிப்பில் ஒரு ஸ்பேனர் கீழே விழுந்த சத்தமும் கேட்டது. வயசானாலும் என் காது நன்றாகத்தான் இருக்கிறது.

அப்போது பதில் சொல்லவில்லை. இப்போது ஓய்வில் இருக்கிறேன். பென்னலூரில் மாடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு டம்ளர் டீ, அவ்வளவுதான் என் உத்தியோகம். விடியும் நேரத்தில் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகும். செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கமிருந்து பனி வந்து மூடிவிட்டால் பஸ் தெரியாது, சத்தம் மட்டும் வரும். பாதித் தூக்கத்தில் அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அத்தனை சத்தத்துக்கு நடுவே ஒரு பழைய நூறு சிசி வண்டியின் சத்தம் எனக்கு மட்டும் தனியாகப் பிரிந்து வரும். அது கனவா நிஜமா என்று சில நாள் எனக்கே தெரிவதில்லை. அந்த வண்டியின் கதையைச் சொன்னால் ஓசி ரவுண்டின் கதையும் தெரிந்துவிடும்.

முதலில் என் குறையைச் சொல்லிவிடுகிறேன். நான் கனவு காண்கிற ஆள். கார்பரேட்டரைக் கழற்றிக் கையில் எடுத்தால் உலகம் மறந்துவிடும். அதற்குள் பெட்ரோலை அளந்து விடுகிற ஜெட்டை வானத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். முடி அளவு ஓட்டை, அதற்குள் ஒரு பொட்டு வெளிச்சம். அந்தப் பொட்டு வழியாகத்தான் ஓர் ஆள் வேலைக்குப் போகிறான், வீட்டுக்கு வருகிறான். இதை நினைத்துக்கொண்டே எத்தனையோ முறை டீயை ஆறவிட்டிருக்கிறேன். வேலை முடிந்து, த்ராட்டிலைத் தொடாமலே இன்ஜின் சீராக ஸ்லோவில் ஓடிக்கொண்டு நின்றால் போதும், மனசு எங்கேயோ போய்விடும். பக்கத்தில் யாராவது கூப்பிட்டால்கூடக் காதில் விழாது.

இதைக் கண்டுபிடித்தவர் ஒருவர் இருந்தார். ஏதோ ஒரு கம்பெனியில் புது வண்டிகளை ஓட்டிப் பார்க்கிற வேலை அவருக்கு. என் வயசுதான். சனிக்கிழமை நம் கடைப் பக்கம் டீ குடிக்க வருவார். பேரைக் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. ஒருநாள் நான் ஒரு வண்டியை ஸ்லோவில் விட்டு மயங்கி நின்றதைப் பார்த்துவிட்டு, டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வந்தார்.

"இன்னா, தூக்கமா?" என்றார்.

"சத்தத்தைக் கேளு. எவ்ளோ அழகா நிக்குது பாரு."

"நிக்கிற வண்டி எல்லாம் நல்லாத்தான் பேசும்பா. கெளம்புன்னு சொல்லு. அப்ப இன்னா பதில் சொல்லுதுன்னு கேளு."

சொல்லிவிட்டுச் சட்டென்று த்ராட்டிலைத் திருகினார். வண்டி ஒரு இருமல் இருமி நின்றுவிட்டது. அவர் சிரிக்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார், போய்விட்டார். கொஞ்ச நாளில் அவரை வேறு ஊர் யூனிட்டுக்கு மாற்றிவிட்டார்கள் என்று டீக்கடையில் சொன்னார்கள். அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. மறக்காமலே தப்புச் செய்தேன், அதுதான் கேவலம்.

முருகேசன் வந்தது மார்கழியில். தென்காசிப் பக்கத்துப் பையன். இங்கே வல்லம் வடகாலில் ஒரு கம்பெனியில் வேலை. கல்யாணம் ஆகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. மனைவி செல்விக்கு இன்னொரு கம்பெனியில், பாகங்களைச் சரிபார்த்து அனுப்புகிற செக்‌ஷனில் வேலை. அவளை ஏற்றிப் போகிற கம்பெனி பஸ் ஹைவேக்கு அந்தப் பக்கம் நிற்கும். தினமும் காலையில் அவளை வண்டியில் உட்கார வைத்து, ரோட்டைத் தாண்டிக் கொண்டுபோய் விட்டுவிட்டு, அவன் தன் ஷிப்டுக்குப் போவான். வண்டி அவன் அப்பாவுடையது. அவர் போன பிறகு ரயிலில் ஏற்றிக் கொண்டுவந்திருக்கிறான்.

"அண்ணாச்சி, பெட்ரோலு மட்டும் ரொம்பக் குடிக்கி. மைலேஜ் மட்டும் கொஞ்சம் பாத்துக் குடுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்," என்றான்.

மைலேஜ் என்று சொன்னால் எனக்குக் கிறுக்குப் பிடிக்கும். சுற்றுவட்டாரத்தில் எனக்கு அதில்தான் பேர். கார்பரேட்டரைத் திறந்தேன். உள்ளே ரப்பர் எல்லாம் ஊதிப் போயிருந்தது. இப்போது வருகிற எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் தாங்காது, உங்களுக்கே தெரியும். அடிக் கிண்ணத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தது. அரை நாள் உட்கார்ந்து ஒவ்வொரு துவாரமாக ஊதி, பிரஷ் போட்டு, புது வாஷர் மாற்றிப் பூட்டினேன். அதோடு நிறுத்தியிருந்தால் நான் நல்ல மெக்கானிக்.

நிறுத்தவில்லை. மெயின் ஜெட்டில் ஒரு நம்பர் சின்னது போட்டேன். ஸ்லோவுக்கும் கிளம்புகிற நேரத்துக்கும் பெட்ரோல் கொடுக்கிற ஸ்லோ ஜெட்டையும் சின்னதாக்கினேன். பெட்ரோல் வழியை அடைக்கிற ஊசியை ஒரு படி இறக்கினேன். எத்தனால் கலந்த பெட்ரோலுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே ஊற்ற வேண்டும் என்று தெரிந்திருந்தும், உள்ளதையும் பிடுங்கினேன். கைநிறையப் பாராட்டு வாங்குகிற ஆசை, வேறென்ன.

பிறகு நம் வழக்கமான பாட்டில் டெஸ்ட். அளந்து ஊற்றிய பெட்ரோல் பாட்டிலை ஹேண்டில் பாரில் கட்டி, டியூபை மாட்டி, பாட்டில் தீரும்வரை ஓட்டிக்கொண்டு போவது. சிப்காட் தொழிற்பேட்டையின் உள் ரோடு, மத்தியானம், வெயில், இன்ஜின் நன்றாகச் சூடாகிவிட்டது, வண்டியில் நான் ஒருத்தன்தான். ஒரே வேகத்தில் ஓட்டிக்கொண்டு போனேன். இரண்டு பக்கமும் கம்பெனிச் சுவர், சுவருக்கு மேலே வேப்ப மரங்கள், நிழல் விட்டு விட்டு என் கைமேல் விழுந்துகொண்டே வந்தது. தண்ணீரில் மிதக்கிற மாதிரி இருந்தது. பாட்டிலில் பெட்ரோல் குறையவே இல்லை என்று தோன்றியது. நான் பாடிக்கொண்டுகூடப் போனேன்.

பாட்டில் முக்கால்வாசி தீர்ந்த நேரம், ஒரு ஆடு குறுக்கே வந்தது. வேகத்தைக் குறைத்து, ஆடு போனதும் திரும்பத் திருகினேன். வண்டி ஒரு நொடி மூச்சைப் பிடித்தது. பிறகு எடுத்துக்கொண்டது.

அந்த நொடியை நான் கேட்டேன். கேட்கவில்லை என்று சொன்னால் பொய். 'பாட்டில் தீரப் போகுது, அதான் இழுக்குது' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்குப் பிறகும் அந்த வண்டி ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. தீரப் போகிற பாட்டில் எப்படி அவ்வளவு தூரம் ஓடும் என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். பாட்டில் டெஸ்ட் வைக்கிற எங்கள் சாதிக்கு மட்டும் வரக்கூடிய தப்பு இது. எந்த இருமல் வந்தாலும் பழி போடப் பக்கத்திலேயே ஒரு பாட்டில் தொங்கும். சாயங்காலம் முருகேசன் வந்து கேட்டபோது, பாட்டில் எதுவரைக்கும் ஓடியது என்று சொன்னேன். அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்கும் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் காலை நல்ல பனி. ஹைவே நடுவில் மீடியனில் இடைவெளி விட்டிருக்கிற இடத்துக்கு எதிரே, நம் கடையை ஒட்டி இருக்கும் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். பனிக்குள் கம்பெனி பஸ்களின் மஞ்சள் விளக்குகள் மிதந்து மிதந்து போயின. முருகேசன் வண்டி வந்தது. பின்னால் செல்வி, மடியில் பை, கழுத்தில் கம்பெனி அட்டை. முதல் பாதி ரோட்டைத் தாண்டி மீடியனில் நின்றார்கள். நான் டீயை உறிஞ்சிக்கொண்டே என் வண்டியின் ஸ்லோ சத்தத்தை ரசித்தேன்.

கிளம்பினான். நடு ரோட்டில் 'ஹுக்' என்று ஒரு சத்தம். வண்டி செத்துவிட்டது.

பனியைக் கிழித்துக்கொண்டு ஒரு கண்டெய்னர் லாரி வந்தது. அந்த ஹாரனையும் பிரேக் போட்ட கிறீச்சையும் எழுத எனக்குத் தெரியாது. செல்வி குதித்து இறங்கி, பின்னாலிருந்து இரண்டு கையாலும் வண்டியைத் தள்ளினாள். கண்டெய்னர் நின்றபோது அதற்கும் அவளுக்கும் இடையில் ஒரு ஆள் படுக்கிற இடம்தான் இருந்தது. டிபன் பாக்ஸ் விழுந்து திறந்து எலுமிச்சைச் சோறு ரோடெல்லாம் சிதறிக் கிடந்தது. என் கையிலிருந்த டீ முழுக்க என் சட்டையில்.

நான் ஓடிப் போய்ச் சேர்வதற்குள் செல்வி யாரிடமும் பேசாமல் பஸ் ஏறிவிட்டாள். முருகேசன் வண்டியைப் பிடித்தபடி நின்றிருந்தான். உதடு வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் அவன் சொன்னது இதுதான்:

"அண்ணாச்சி, நீங்க வண்டிய நல்லாத்தான் குடுத்தீய. எனக்குத்தான் கை ஒதறிட்டு. கிளட்ச டக்குனு விட்டுட்டேன் போல."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரிந்தது. அந்த 'ஹுக்' சத்தம் முந்தின நாள் ஆட்டுக்கு முன்னால் நான் கேட்ட அதே சத்தம். ஆனால் என் வாயிலிருந்து வந்தது வேறு.

"பாத்து ஓட்டு தம்பி."

இதைச் சொன்னவன் நான்தான். ஜெட்டைச் சின்னதாக்கியது புத்திக் குறைவு. இது அதைவிட மோசம். இன்றைக்கும் மாடியில் உட்கார்ந்திருக்கும்போது இந்த மூன்று வார்த்தை திடீரென்று நினைவுக்கு வந்தால் எனக்கு உடம்பு கூசுகிறது.

இரண்டு நாள் கழித்துச் சாயங்காலம் முருகேசன் வண்டியைத் தள்ளிக்கொண்டே கடைக்கு வந்தான். ஓட்டிக்கொண்டு வரவில்லை.

"யாராவது கேட்டா குடுத்துருங்க அண்ணாச்சி. எனக்கு இனிமே ஓட்ட முடியாது. ஆக்ஸிலேட்டர்ல கைய வச்சாலே நடுங்குது. அவளும் ஏற மாட்டேன்னுட்டா. அவ கம்பெனிப் பக்கமே லேடீஸ் ஹாஸ்டல்ல எடம் இருக்காம், ஒண்ணாந் தேதி போறேங்கா."

"அப்ப நீ?"

"நான் இங்கதான். ஞாயித்துக்கிழமை பாத்துக்கிடலாம்." டேங்க் மேலே உள்ளங்கையை வைத்து ஒருமுறை தடவினான். "எங்கப்பா முப்பது வருசம் ஓட்டுனாவ. ஒருநாளு நடு ரோட்டுல நின்னது இல்ல. என் கையிக்கு ராசி இல்ல."

அப்போதும் நான் சொல்லவில்லை. கடையில் இன்னும் நாலு பேர் இருந்தார்கள், மைலேஜ் மன்னன் என்று என்னைக் கூப்பிடுகிறவர்கள்.

மறுநாள் விடிந்ததும் கடையைத் திறந்தேன். இன்ஜின் சில்லென்று இருந்தது. ஸ்டார்ட் செய்து, சூடாக விடாமல், வாசலில் நின்றபடியே கிளம்பிப் பார்த்தேன். 'ஹுக்.' திரும்ப ஸ்டார்ட் செய்தேன். 'ஹுக்.' மூன்றாம் முறையும் அதேதான். மத்தியான வெயிலில், சூட்டில், ஒற்றை ஆளாக ஓட்டினால் அவ்வளவு அழகாக மிதக்கிற வண்டி, பனியில் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு கிளம்பு என்றால் செத்துப் போகிறது. நிற்கிற வண்டி நல்லாத்தான் பேசும். வாசலிலேயே குந்தி உட்கார்ந்துவிட்டேன். அழுதேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வண்டியை விற்க ஆர்சி புக்கை எடுத்துக்கொண்டு வந்தார்கள். செல்வி பெஞ்சில் உட்காரவில்லை, வாசலிலேயே நின்றாள். நான் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன்.

"தம்பி, அது உன் கை இல்ல. நான் போட்ட ஜெட். மைலேஜுக்கு ஆசப்பட்டுப் பெட்ரோல ரொம்பக் கொறச்சிட்டேன். கெளம்புற நேரத்துல வண்டிக்கு மூச்சு இல்ல. யார் ஓட்டினாலும் நின்னுதான் போயிருக்கும்."

அவன் கோபப்படுவான் என்று நினைத்தேன். அவன் தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தான், யாரோ ஒருவரின் கையைப் பார்ப்பது மாதிரி.

"அப்ப என் கை இல்லையா அண்ணாச்சி?"

"இல்லப்பா."

அவன் கண் நிறைந்துவிட்டது. செல்விதான் பேசினாள்.

"இது ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அன்னிக்கே சந்தேகம்மா. நடு ரோட்டுல நின்ன அன்னிக்கே."

"அன்னைக்கே ஏன் சொல்லல?"

"பேரு பூடும்னு பயம்."

"நாங்க ஒரு பீஸ தப்பா விட்டுட்டா, லைன நிறுத்திச் சொல்லணும். சொல்லாம இருந்தா வேல போயிரும்," என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. எனக்கு ஒரு அறை வாங்கியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

அவர்கள் கண்முன்னாலேயே கழற்றினேன். ஸ்லோ ஜெட்டை முன்னால் இருந்ததைவிட ஒரு நம்பர் பெரிதாகவே போட்டேன், மெயினுக்குப் பழையதையே திரும்ப வைத்தேன், ஊசியை ஏற்றினேன், காற்று ஸ்க்ரூவைத் திருப்பித் திருப்பிச் சரிசெய்தேன். த்ராட்டிலைத் திருகினால் வண்டி உடனே பதில் சொன்னது. ஓட்டிப் பார்க்கலாம் என்று சீட்டில் கால் போட்டேன்.

"நீங்க ஓட்ட வேண்டாம்," என்றாள் செல்வி.

"ஏம்மா?"

"நீங்க ஓட்டுனா எப்பவும் நல்லாத்தான் ஓடும். இவிய ஓட்டட்டும். நீங்க பின்னால இருங்க, நான் இருந்த எடத்துல. அந்த ரோட்டத் தாண்டிட்டு வாங்க." ஒரு நிமிடம் யோசித்தாள். "இப்ப வண்டி சூடா இருக்குலா? காலைல ஆறிப் போயித்தான இருக்கும். ஆறட்டும்."

சில்லென்ற இன்ஜினில்தான் வண்டி செத்தது என்று பார்த்திருந்தும், என் நாற்பது வருட அனுபவத்துக்கு அந்த ஒரு கேள்வி தோன்றவில்லை. ஆறட்டும் என்று மூன்று பேரும் உட்கார்ந்தோம். ஒருமணி நேரத்துக்கு மேல் இருக்கும். சூடு இறங்க இறங்க இன்ஜின் 'டிக்... டிக்...' என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. வெயில் கடைக்குள் வந்து, கார்பரேட்டர் மேலே கொஞ்ச நேரம் இருந்து, சுவருக்குப் போனது. டிக் சத்தம் இடைவெளி கூடிக் கூடி ஒரு கட்டத்தில் நின்றது. நான் ஒரு வண்டி பக்கத்தில் அவ்வளவு நேரம் விழித்திருந்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். செல்வி எழுந்து வந்து இன்ஜினைத் தொட்டுப் பார்த்தாள்.

"ம், போங்க."

முருகேசன் உட்கார்ந்தான். வலது உள்ளங்கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டான். நான் பின்னால் ஏறினேன். பின் சீட்டில் உட்கார்ந்தால்தான் தெரிகிறது, பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. த்ராட்டில் நம் கையில் இல்லை, பிரேக் நம் காலில் இல்லை. முன்னால் ஒரு முதுகு, அவ்வளவுதான். முதல் பாதியைத் தாண்டி மீடியனில் நின்றோம். இடது பக்கம் தூரத்தில் ஒரு லாரி வந்தது. அது போகட்டும் என்று காத்திருந்தோம். அதற்குப் பின்னால் இன்னொன்று தெரிந்தது. வண்டியின் ஸ்லோ சத்தம் அழகாகத்தான் இருந்தது, எனக்கு அது பிடிக்கவே இல்லை.

"போவட்டா அண்ணாச்சி?"

"போ."

திருகினான். வண்டி மூச்சைப் பிடிக்கவில்லை. எங்களை ஏந்திக்கொண்டு அந்தப் பக்கம் கொண்டுபோய்விட்டது. ஓரமாக நிறுத்திவிட்டு முருகேசன் மெதுவாகத் தலையைத் திருப்பினான்.

"அண்ணாச்சி, தோள விடுங்க. வலிக்கு."

அப்போதுதான் பார்த்தேன். அவன் சட்டை என் பிடியில் கசங்கிப் போயிருந்தது. அவன் சிரித்தான். அந்த வாரத்தில் அவன் சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

திரும்பி வந்து நான் இறங்கியபோது கால் தரையில் நிற்கவில்லை. டீக்கடைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன். செல்வி என் முகத்தைப் பார்க்கவில்லை, முழங்காலைப் பார்த்தாள். வேட்டியோடு சேர்ந்து அது ஆடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஆர்சி புக்கைத் தன் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

"சரி, இப்ப நான் ஏறுதேன்," என்றாள்.

அன்றிலிருந்து நான் போனதெல்லாம் ஓசி ரவுண்டுதான், மறுக்கவில்லை. இன்றைக்கு யாராவது ஒரு பழைய வண்டிக்கு ஜெட் மாற்றினால், ஆறவிட்டு, நீங்களும் பின்னால் ஏறி ஒன்று போய்வாருங்கள். தோளை மட்டும் கொஞ்சம் மெதுவாகப் பிடியுங்கள்.